மென்பொருள் குழுக்கள் சொல்லும் 'எபிக்' என்றால் என்ன?

ஒரே நோக்கத்துக்கான பல சிறு வேலைகளைச் சேர்த்துத் திட்டமிட்ட தொகுப்பே எபிக். 'கடையின் செயலியில் சிங்கப்பூரின் பேநவ் பணப்பரிமாற்றச் சேவை வழியாகப் பணம் செலுத்தும் வசதி' என்பது ஓர் எபிக். கியூஆர் குறியீட்டைக் காட்டுவது, பணம் வந்ததை உறுதிசெய்வது, ரசீது அனுப்புவது, பாதியில் இணையம் அறுந்தால் என்ன செய்வது (இதைத்தான் கடைசிவரை தள்ளிப்போடுவார்கள்) ஆகியவை அதனுள் அடங்கும்.

வேலையைக் குறுகிய சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் ஸ்கிரம் முறையில், ஸ்பிரிண்ட் எனப்படும் ஒரு சுற்று ஒரு மாதத்தைத் தாண்டாது. பல குழுக்கள் 2 வாரம்தான் வைத்துக்கொள்கின்றன. பெரிய வசதி அதற்குள் அடங்காததால் துண்டுபோட வேண்டியிருக்கிறது. துண்டுகளைக் கட்டிவைக்காவிட்டால் எது எதற்காக என்பதே மறந்துவிடும்.

வீவக (சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைப் புதுப்பிப்பதை நினைத்துப் பாருங்கள். மின்கம்பி இழுப்பவர், தரைக்கு ஓடு பதிப்பவர், தச்சர் எல்லாரும் தனித்தனி ஆட்கள். முழுத் திட்டம் யார் கையிலும் இல்லையென்றால், ஓடு பதிக்கும் முன்பே அலமாரி வந்திறங்கி நடைக்கூடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். நகர மன்றத்தின் அறிவிப்பும் பின்னாலேயே வரும்.

எபிக்கைப் பலர் வெறும் வகைப்பெயராக நினைத்து, 'பிழைத்திருத்தங்கள்' என்று ஒன்றைத் திறந்துவைக்கிறார்கள். முடிவே இல்லாத அந்தப் பட்டியலுக்கு ஒரு லேபிள் போதும்.