செயின்ட் மார்ட்டின் சின்னத் தீவுதானே, ஒரே நாளில் சுற்றிவிடலாமா?

கேள்வி: "கரீபியன் கப்பல் பயணத்தில் செயின்ட் மார்ட்டினில் ஒரு பகல் நிற்கிறோம். காலையில் பிரெஞ்சுப் பக்கம், மதியம் விமானம் தலைக்கு மேல் இறங்கும் மாஹோ கடற்கரை, சாயங்காலம் படகில் அங்குவிலா. இவ்வளவும் முடியுமா?"

முடியாது. மூன்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொகுசுக் கப்பலில் கேபின் ஸ்டூவர்டாக ஏழு வருடம் வேலை பார்த்தவன். அந்தத் துறைமுகத்தில் எத்தனை முறை இறங்கியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

நீங்கள் மேப்பில் தூரம் பார்த்திருப்பீர்கள். கப்பல் வந்து நிற்கும் ஃபிலிப்ஸ்பர்க் டச்சுப் பக்கத்தின் தலைநகர், மாரிகோ பிரெஞ்சுப் பக்கத்தின் தலைநகர். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய பத்து கிலோமீட்டர்தான், மாஹோவும் அப்படித்தான். தீவு மொத்தமே 87 சதுர கிலோமீட்டர், ஏறக்குறைய எங்கள் தூத்துக்குடி மாநகராட்சி அளவு. நானும் இந்தக் கணக்கைத்தான் போட்டேன்.

2012இல் முதல் ஒப்பந்தம். இறங்க அனுமதி கிடைத்த முதல் நாளே மாஹோவுக்குப் போனேன். கூட வந்தவர் நாகர்கோவில்காரர், எனக்குப் பத்து வயது மூத்தவர். "அண்ணாச்சி, நாலரைக்குக் கப்பல்ல இருந்தா போதும்லா, மூணரை வரைக்கும் நிக்கலாம்" என்றேன். "மேப்பப் பாத்து தூரத்த அளக்காதல. இங்க போறதுக்கும் வாறதுக்கும் ஒத்த ரோடுதான்" என்றார். நான் கேட்கவில்லை. கேஎல்எம் என்கிற டச்சு நிறுவனத்தின் பெரிய 747 விமானம் வரப்போகிறது, பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்று பிடிவாதமாக நின்றேன். அவரும் என்னை விட்டுப் போக மனமில்லாமல் நின்றார்.

ஒத்த ரோடு என்று அவர் சொன்னதன் அர்த்தம் திரும்பும்போதுதான் தெரிந்தது. தீவின் மேற்குப் பாதியை சிம்ப்சன் பே லகூன் என்கிற பெரிய காயல் விழுங்கிக்கொண்டிருக்கிறது. காயலுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் திட்டு. விமான நிலையம், ஓட்டல்கள், ரோடு எல்லாம் அந்தத் திட்டின் மேல்தான். காயலின் வாயில் தூக்குப் பாலம். படகுகள் உள்ளே வர, வெளியே போகப் பாலத்தைத் தூக்கினால் ரோடு அப்படியே நின்றுவிடும். அன்று எங்கள் மினிபஸ்சுக்கு முன்னால் பாலம் மேலே போனது. ஒன்றன்பின் ஒன்றாகப் பணக்காரர்களின் பாய்மரப் படகுகள் நிதானமாக நுழைந்தன. பாலம் இறங்கிய பிறகும் வண்டிகள் நகரவில்லை, ஏனென்றால் அடுத்து கோல் பே மலை. ஃபிலிப்ஸ்பர்க் ஒரு பக்கம், காயல் மறுபக்கம், நடுவில் இந்த மலை. அத்தனை வண்டியும் அதில் ஏறித்தான் இறங்க வேண்டும். அன்று துறைமுகத்தில் நாலு கப்பல் நின்றது. அத்தனை கப்பல் பயணிகளின் டாக்சியும் அந்த ரோட்டில்.

கப்பல் போய்விட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது. பயணி என்றால் அடுத்த துறைமுகத்துக்கு விமானம் பிடிப்பார். எங்கள் பாஸ்போர்ட் கப்பல் அலுவலகத்தில் இருக்கும், கையில் அடையாள அட்டை மட்டும். வேலை போகும். அந்த வேலைக்காக அம்மாவின் நகையை அடகு வைத்து ஏஜெண்டுக்கு இரண்டரை லட்சம் கொடுத்திருந்தேன். இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், படிக்கிற தம்பிகளுக்கு உதவும். கப்பல் வேலை வாங்கித் தர மாலுமியிடம் ஏஜெண்ட் கமிஷன் வாங்கக் கூடாது. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை அப்படித்தான் சொல்கிறது, இந்தியாவும் 2015இல் அதை ஏற்றுக்கொண்டது. மருத்துவச் சான்று, பாஸ்போர்ட், மாலுமிப் புத்தகம், இவற்றின் செலவு மட்டும்தான் நம்முடையது. "சர்வீஸ் சார்ஜ்" என்று எவன் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். எனக்கு அன்று இதைச் சொல்ல ஆளில்லை. அந்தக் கடனை அடைக்க மூன்று ஒப்பந்தம் ஆனது.

மலை உச்சியில் பஸ் நின்றபோது அண்ணாச்சி தெற்கே கை காட்டினார். கடலுக்கு நடுவே கூம்பு மாதிரி ஒரு மலை, தலையில் மேகம். சேபா தீவு. என் பதற்றத்தை மாற்றத்தான் காட்டினார். பிறகு அதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அட்லாண்டிக்கின் அடித்தளப் பாறை, கரீபியனைத் தாங்கும் நிலத்தட்டுக்குக் கீழே செருகுவதால் பிறந்தவை இந்தத் தீவுகள். இரண்டு வரிசை. உள்வரிசையில் சேபா, ஸ்டேஷியா, செயின்ட் கிட்ஸ், மான்செராட், எல்லாம் எரிமலைகள். மான்செராட்டில் 1995இல் தொடங்கிய சீற்றம் தலைநகர் பிளிமத்தையே புதைத்தது. வெளிவரிசையில் அங்குவிலா, செயின்ட் மார்ட்டின், சென் பார்த்தெலெமி. பழைய தீவுகள், சுண்ணாம்புக்கல், வெள்ளை மணல். பனி யுகத்தில் கடல் மட்டம் இறங்கியிருந்தபோது இந்த மூன்றும் ஒரே தீவாகக் கிடந்தவை. சேபாவில் 887 மீட்டர் மலை உண்டு, படுக்க மணல் கிடையாது. விமான ஓடுதளமே 400 மீட்டர்தான். ஆகவே "கரீபியன் தீவு என்றால் எல்லாம் ஒன்றுதான்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அங்குவிலா மாரிகோவிலிருந்து படகில் அரை மணி நேரம்கூட இல்லை, உண்மைதான். ஆனால் அது பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி. போகும்போதும் வரும்போதும் குடிவரவு வரிசையில் நிற்க வேண்டும். செயின்ட் மார்ட்டினுக்குள் டச்சு, பிரெஞ்சு எல்லையில் ஒரு காவலரும் இல்லை, ஒரு தூணும் கொடிகளும்தான். 1648இல் போட்ட ஒப்பந்தம் இன்றும் நிற்கிறது. ஆனாலும் வடக்கே யூரோ, 220 வோல்ட். தெற்கே டாலர் செல்லும், 110 வோல்ட். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போன் போட்டால் வெளிநாட்டு அழைப்பு. ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக முடிகிற ஷெங்கன் பகுதியிலும் பிரெஞ்சுப் பக்கம் சேராது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விசாவைப் புறப்படும் முன் தூதரகத்திலேயே கேளுங்கள், டூர் ஆபீஸில் அல்ல.

"நான் போனேன், நாலு மணி நேரத்தில் எல்லாம் பார்த்தேன்" என்று கீழே யாராவது எழுதுவார்கள். ஒரே ஒரு கப்பல் நிற்கும் நாளில் போயிருப்பார். 2013 கடைசியில் காயலின் குறுக்கே புதுப் பாலமும் வந்துவிட்டது, அதையும் மறைக்கவில்லை. மலையும் மணல் திட்டும் அப்படியேதான் இருக்கின்றன. அன்று நாங்கள் மலையிறக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடினோம். கப்பலில் ஏறும் ஏணியை எடுக்கப் பத்து நிமிஷம்தான் இருந்தது.

மாஹோ வேண்டாம் என்பேன். அங்கே வேலியைப் பிடித்துக்கொண்டு விமானத்தின் பின்காற்றில் நிற்பதைப் பெருமையாக நினைக்கிறார்கள். 2017 ஜூலையில் அந்தக் காற்று தூக்கியடித்து ஒரு பெண் இறந்தார். காலை எட்டு மணிக்கே இறங்கி மாரிகோ போங்கள், ஒரு மணிக்குத் திரும்பிவிடுங்கள்.

மிச்ச நேரம் ஃபிலிப்ஸ்பர்க்கில். நகைக் கடைத் தெருவுக்குப் பின்னால் நடந்தால் பெரிய உப்பு ஏரி வரும். டச்சுக்காரர்கள் இந்தத் தீவுக்கு வந்ததே இந்த உப்புக்காகத்தான். அடிமைகள் உப்புத் தண்ணீருக்குள் இறங்கி நின்று அள்ளினார்கள். 1848இல் பிரெஞ்சுப் பக்கம் அடிமை முறை ஒழிந்தது, டச்சுப் பக்கம் சட்டப்படி 1863இல்தான். நடுவிலிருந்த பதினைந்து வருடம், காவலில்லாத அந்த எல்லையைத் தாண்டினால் விடுதலை. இன்று ஏரியின் ஒரு பகுதியைக் குப்பை மேடாக்கிவிட்டார்கள், எனக்கு வயிறு எரிகிறது. ரவுண்டானாவில் உப்பு அள்ளுகிறவர்களின் சிலை இருக்கிறது, அதைப் பாருங்கள். என் அப்பா முப்பது வருஷம் உப்பளத்தில் வேலை பார்த்தவர். லீவில் போனபோது அந்தப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "வாருபலக இல்லாம வெறுங்கையாலயா அள்ளுனாங்க?" என்று கேட்டார்.