வாக்குரிமையைக் காக்கும் வேட்பாளர் யார்?

கேள்வி: அமெரிக்கக் குடியுரிமை பெற்று, முதன்முறையாக வாக்களிக்க இருக்கிறேன். வாக்குரிமையைக் காக்கும் வேட்பாளர்களையே ஆதரிக்க வேண்டும் என்று இங்கே பலரும் சொல்கிறார்கள். குடிமக்கள் அனைவருக்கும் வாக்குள்ள நாட்டில் அதை யார், எப்படித் தடுக்க முடியும்?
- ஒரு வாசகி, ஜார்ஜியா மாநிலம்

பதில்: சட்டம் தந்த உரிமையை நடைமுறை விதிகளால் பறித்துவிட முடியும். இனத்தையோ நிறத்தையோ காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று 15ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1870இலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் தென் மாநிலங்கள் தலைவரி (வாக்களிக்கக் கட்ட வேண்டிய வரி), எழுத்தறிவுத் தேர்வு என்று தடைகளை எழுப்பி, கறுப்பின மக்களில் மிகப் பெரும்பாலோரைப் பல பத்தாண்டுகள் வாக்களிக்க விடாமல் வைத்திருந்தன. 1965 மார்ச் 7 அன்று அலபாமா மாநிலத்தின் செல்மா நகரப் பாலத்தில் வாக்குரிமை கேட்டு அமைதியாக ஊர்வலம் சென்றவர்கள் காவலர்களின் தடியடிக்கு ஆளாகி நாடே கொதித்த பிறகுதான், அவ்வாண்டு ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. பாகுபாடு காட்டிய வரலாறுள்ள மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்றுமுன் மத்திய அரசின் ஒப்புதலையோ நீதிமன்றத்தின் ஒப்புதலையோ பெற வேண்டும் என்பதே அதன் உயிர்நாடி. எந்தெந்த மாநிலங்களுக்கு அது பொருந்தும் என்று வரையறுத்த பிரிவை 2013இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் செல்லாததாக்கியது; அந்தக் காவல் அன்றோடு செயலிழந்தது.

இன்றைய தடைகள் பார்வைக்கு வெறும் அலுவலக விதிகளாகவே இருக்கும். டெக்சாஸ் சட்டம் வாக்குச்சாவடியில் காட்டும் அடையாளமாகத் துப்பாக்கி உரிமத்தை ஏற்றது. மாணவர் அட்டையை ஏற்கவில்லை. ஓஹியோவில் இரண்டாண்டுகள் வாக்களிக்காதவருக்கு அஞ்சலில் ஓர் அறிவிப்பு வரும். அதற்குப் பதிலளிக்காமல் அடுத்த நான்காண்டுகளும் வாக்களிக்காவிட்டால் வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படும். இதை 2018இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. உங்கள் ஜார்ஜியாவின் 2021ஆம் ஆண்டுச் சட்டமோ, வாக்குச்சாவடியிலிருந்து 150 அடிக்குள் வரிசையில் நிற்போருக்குத் தன்னார்வலர்கள் தண்ணீர் கொடுப்பதைக்கூடக் குற்றமாக்கியது. அடையாளத்தைச் சரிபார்ப்பதே தவறு என்று நான் கருதவில்லை. தகுதியுள்ளவரை வெளியே நிறுத்தும் சரிபார்ப்பைத்தான் எதிர்க்கிறேன்.

ஆகவே அதிபர் வேட்பாளரை மட்டும் எடைபோட்டு நின்றுவிடாதீர்கள். அங்கே தேர்தலை நடத்துபவை மாநிலங்களும் கவுன்ட்டிகளும்தான் (கவுன்ட்டி என்பது நம் மாவட்டம் போன்றது). விதிகளை இயற்றுவது மாநிலச் சட்டமன்றம், தேர்தல் நிர்வாகத்துக்குத் தலைமை தாங்குபவர் ஜார்ஜியா உட்படப் பல மாநிலங்களில் மக்களே தேர்ந்தெடுக்கும் மாநிலச் செயலாளர். இப்பதவிகளுக்குப் போட்டியிடுவோரிடம், பட்டியலிலிருந்து ஒரு பெயரை நீக்குமுன் எத்தகைய சான்று கேட்பார்கள், ஏழை மக்கள் வாழும் பகுதிகளில் வாக்குச்சாவடிகளைக் குறைப்பதை எதிர்ப்பார்களா, முன்கூட்டியே வாக்களிக்கும் நாள்களைக் காப்பார்களா என்று நேரடியாகக் கேளுங்கள். கட்சி எதுவாயினும், மழுப்பாமல் பதில் சொல்பவரே உங்கள் ஆதரவுக்கு உரியவர். பதவியில் இருந்தவராயின், அவர் சட்டமன்றத்தில் எப்படி வாக்களித்தார் என்ற பதிவு அவருடைய பேச்சைவிட நம்பத்தக்கது.

வாக்காளர் பதிவுக்கான கடைசி நாளுக்கு முன்பே உங்கள் பெயர் பட்டியலில் உள்ளதா என்று மாநிலத்தின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். அதன் பிறகும் வாக்குச்சாவடியில் பெயர் இல்லை என்றால் திரும்பி வந்துவிட வேண்டாம். தற்காலிக வாக்குச்சீட்டை (தகுதியைப் பிறகு சரிபார்த்து எண்ணப்படும் சீட்டு) கேட்டுப் பெறும் உரிமையை 2002ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் உங்களுக்கு அளித்திருக்கிறது.