ஓடையோர வீட்டுக்கு எந்தச் சுவர்?

கேள்வி: மழைக்கு மழை ஓடைக்கரை அரிக்கிறது. கட்டிய கருங்கல் சுவரும் சாய்ந்துவிட்டது. என்ன செய்யலாம்?
– வாசகி, ஹட்டன்

பதில்: பின்னால் தேங்கும் மழைநீரும், அடியில் ஓடை பறிக்கும் பள்ளமுமே இப்படிச் சுவரைச் சாய்ப்பவை. கம்பிவலைக் கூடைகளுக்குள் கல் நிரப்பிக் கட்டும் கம்பிக்கூடைச் சுவரே நல்லது. கல்லிடுக்கில் நீர் வடிந்துவிடும். அத்திவாரம் ஓடைப்படுக்கைக்கும் கீழே இறங்கவேண்டும். 10–20 சென்ரிமீற்றர் கருங்கற்களைக் கையால் அடுக்குங்கள். சும்மா கொட்டினால் கூடை வயிறு தள்ளும். மூன்றில் ஒரு பங்கு நிரம்பும்போதெல்லாம் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் கம்பியால் இழுத்துக் கட்டுங்கள். பின்புறம், நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் வடிகட்டித் துணி கட்டாயம். இல்லாவிட்டால் மண் கரைந்துபோய் முற்றம் உள்வாங்கும். கூரைத்தண்ணீரைக் குழாயில் தனியே இறக்குங்கள்.

தொடங்குமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் நிலத்தைக் காட்டுங்கள். தரையில் புதிய வெடிப்புத் தெரிந்தால் சுவர் பிறகு. முதலில் வீட்டைவிட்டு வெளியேறுங்கள்.