அவரைக் கொழுந்தில் முள்ளுப் புழு

கேள்வி: மாடியில் வைத்த அவரையின் கொழுந்தெல்லாம் கருப்பாக அசுவினிப் பூச்சி அப்பியிருக்கிறது. நடுவில் முள் முள்ளாக, மஞ்சள் பொட்டு வைத்த கருப்புப் புழுக்கள் வேறு ஓடுகின்றன. இரண்டும் ஒழிய என்ன மருந்து அடிக்கலாம்?
– வாசகி, மணப்பாறை

பதில்: மருந்தே வேண்டாம் அம்மா. அந்தப் புழுக்கள் பொறிவண்டின் பிள்ளைகள். அசுவினியைத் தின்னத்தான் வந்திருக்கின்றன. தாய் வண்டு வழவழவென்று அழகாக இருப்பதால் அதை யாரும் கொல்வதில்லை. பிள்ளையைப் பார்த்தால் கை நசுக்கப் போகிறது. இருபது வருஷத்துக்கு முன்னால் எங்கள் தட்டைப்பயறுச் செடியில் நானும் இவற்றைத் துணியால் துடைத்துப் போட்டேன். அடுத்த வாரம் காய்ப்பிடிப்பே இல்லாமல் செடி சுருண்டது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

காலையில் வெயில் ஏறுமுன் இலையைத் திருப்பிப் பாருங்கள். மஞ்சள் முட்டைகள் நட்டு வைத்ததுபோலக் கூட்டமாக நிற்கும். வளர்ந்த புழு இலையிலேயே ஒட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். அதிலிருந்து வண்டு வெளிவரும் நேரம் வாய்த்தால் விடாதீர்கள்: முதலில் புள்ளியோ கோடோ இல்லாமல் வெளுத்திருக்கும், பிறகு கண்ணெதிரே மெல்ல மெல்லக் கருங்கோடுகள் தெரியவரும்.

தண்டில் எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். அசுவினி விடும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், பொறிவண்டை விரட்டும். தொட்டியை ஒரு செங்கல்லின் மேல் வைத்து, செங்கல்லைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்துங்கள். கொடி சுவரைத் தொடக்கூடாது. புழு இல்லாத கொழுந்துகளில் மட்டும் தண்ணீரைப் பீய்ச்சி அசுவினியை உதிர்க்கலாம்.

கத்திரியில் மட்டும் கவனம். அங்கே மஞ்சள் உடம்பில் முள் கிளைத்த புழு இலையைச் சல்லடையாகச் சுரண்டினால் அது எபிலாக்னா வண்டின் புழு. பொறிவண்டுக்குச் சொந்தம்தான், ஆனால் இலை தின்னும் கிளை. அதைக் கையால் பொறுக்கிவிடலாம்.

கேள்வி: மாமரத்தில் ஒரு முசுறு எறும்பை ஊதினேன். நூல் விட்டுத் தொங்கியது! எறும்புக்கு ஏது நூல்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: நல்ல கண் உங்களுக்கு. முசுறு இலைகளைச் சேர்த்து ஒட்டுவது நூலால்தான், ஆனால் அது அதன் புழுவிடமிருந்து வருவது. வளர்ந்த எறும்பு நூல் விடாது. நீங்கள் பார்த்தது முசுறைப் போலவே வேடமிட்ட சிலந்தி. வலை கட்டாத, தாவும் சிலந்தி இனம். எட்டுக் காலில் முன்னிரண்டைத் தூக்கி உணர்கொம்புபோல ஆட்டிக்கொண்டே நடக்கும். எறும்புக்குப் பயந்து ஒதுங்கும் எதிரிகள் இதையும் தொடுவதில்லை. முசுறுகளுக்கு அருகிலேயே வாழ்ந்தாலும் அவற்றின் மேல் மோதாமல் விலகியே நடக்கும்.

அடுத்த முறை தாடையைக் கவனியுங்கள். ஆணுக்கு அது முன்னால் நீண்டு, ஓர் எறும்பு இன்னோர் எறும்பைத் தூக்கிப் போவதுபோலவே இருக்கும்.