பழைய டீசல் பிக்கப்பில் ஐடிலிங் நிற்காத சிக்கல்: கேள்வி பதில்

கேள்வி (நாமக்கல்): அண்ணே, பழைய டாடா 207 ஓட்டுறேன். ஐடிலிங்கில் விட்டா வேகம் ஏறி ஏறி இறங்குது. ரேஸ் கொடுத்தா நல்லா ஓடுது. டீசல் பம்பைக் கழட்டி சர்வீஸுக்கு அனுப்பணும்னு மெக்கானிக் சொல்றார். அனுப்பிடலாமா?

பதில்: அனுப்ப வேண்டாம், முதலில் டீசல் லைனில் காற்று வருகிறதா என்று பாருங்கள். பம்பைக் கழற்றுவது கடைசி வேலை. டீசல் எஞ்சினில் ஐடிலிங்கைப் பிடித்து வைப்பது பம்புக்குள் இருக்கும் கவர்னர். வேகம் விழுந்தால் டீசலைக் கூட்டும், ஏறினால் குறைக்கும். டீசலோடு நுரையும் கலந்து வந்தால் வேகம் விழும், கவர்னர் கூட்டிக் கொடுக்கும். அதற்குள் நல்ல டீசல் வந்துவிட, வேகம் எகிறும், உடனே குறைக்கும். நீங்கள் கேட்கும் ஏற்ற இறக்கம் இதுதான். கவர்னர் தன் வேலையைச் செய்கிறது, அதற்கு வரும் டீசல்தான் சரியில்லை. ரேஸ் கொடுக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் போகும் டீசல் அதிகம், எஞ்சினின் சுழல் வேகமும் கைகொடுக்கும். அதனால் சின்னக் குமிழ்கள் அப்போது தெரியாது.

ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில், அங்கே இருக்கும் ஹோஸின் அளவுக்கே, உள்ளே ஓடும் டீசல் தெரியும் பிளாஸ்டிக் ஹோஸ் ஒரு அடி போட்டு கிளிப் இறுக்குங்கள். ஃபில்டர் தலையில் இருக்கும் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழ் இல்லாமல் டீசல் வரும்வரை கை பம்பை அடித்து இறுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் ஒரு நிமிடம் குமிழ் வந்தால் பரவாயில்லை. 5 நிமிடம் கழித்தும் வந்தால் லைன் காற்று இழுக்கிறது. சோதனை முடிந்ததும் அந்த ஹோஸைக் கழற்றிவிடுங்கள். டீசலிலும் சூட்டிலும் அது இறுகி வெடிக்கும்.

அடுத்து, 5 லிட்டர் கேனில் சுத்தமான டீசல் ஊற்றி, டேங்கில் இருந்து வரும் லைனைக் கழற்றிவிட்டு கேனிலிருந்து நேராகக் கொடுங்கள். ரிட்டர்ன் பைப்பையும் கேனுக்குள்ளேயே விடுங்கள். 20 நிமிடம் ஐடிலிங் ஆடாமல் நின்றால் கோளாறு டேங்க் பக்கம். அப்போதும் ஏறி இறங்கினால் ஃபில்டர், ஃபீட் பம்ப் (டேங்கில் இருந்து டீசலை இழுத்துத் தரும் சின்ன பம்ப்), பம்ப் என்று எஞ்சின் பக்கம் தேடுங்கள். பம்புக்குச் செலவு செய்யும் முன் இந்த இரண்டையும் செய்தே ஆக வேண்டும்.

கேள்வி (திண்டுக்கல்): குமிழ் வருது, அது உறுதி. ஆனா எங்கேயும் டீசல் ஒழுகல. காற்று எந்த வழியா போகும்?

பதில்: டேங்கில் இருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் உள்ள லைன் உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் வண்டி ஓடும்போது வெளிக்காற்றுதான் உள்ளே போகும், டீசல் வெளியே வராது. அதனால் ஈரத்தைத் தேடிப் பயனில்லை. பைப் முனைகளை இறுக்கும், உள்ளே துளை உள்ள பேன்ஜோ போல்ட்களின் செம்பு வாஷர்களை மாற்றுங்கள். கழற்றியதையே திரும்பப் போட்டு இறுக்குவதுதான் பாதி வண்டிகளுக்கு வினை. புது வாஷர் கையில் இல்லையென்றால் பழையதைச் சிவக்கக் காய்ச்சி ஆறவைத்தால் செம்பு மெத்தென்று ஆகும், அவசரத்துக்கு உதவும். கை பம்ப் கைப்பிடியைச் சுற்றி டீசல் விட்டுப் பார்த்து, அது உள்ளே இழுக்கப்பட்டால் கை பம்பின் ஓரிங் (ரப்பர் வளையம்) போய்விட்டது.

டேங்க் பாதிக்கு மேல் இருக்கும்போது நன்றாக ஓடி, குறைந்ததும் கோளாறு வந்தால் டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயைச் சந்தேகப்படுங்கள். துருப்பிடித்து நடுவில் ஊசி ஓட்டை விழுந்திருக்கும். சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நாசில்களின் தலையில் ஓடும், துணி பின்னிய சின்ன ரிட்டர்ன் ஹோஸ்களையும் விடாதீர்கள். அவை வெடித்திருந்தால் இரவு நிற்கும்போது டீசல் டேங்குக்கு இறங்கிவிடும். காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதம், பிறகு சில நிமிடம் ஏற்ற இறக்கம், அப்புறம் சரி என்று இருந்தால் அதுதான் அடையாளம்.

கேள்வி (ஓசூர்): 15 கிலோமீட்டர் ஓடினதும் ஐடிலிங் இறங்கி நின்னு போகுது. பத்து நிமிஷம் விட்டா மறுபடி ஓடுது.

பதில்: நின்ற உடனே டேங்க் மூடியைத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது, சுத்தம் செய்தால் போதும். இழுக்கவில்லையென்றால் டேங்குக்குள் இருக்கும் வலையையும், ஃபீட் பம்ப் வாயில் இருக்கும் சின்ன வலையையும் கழுவுங்கள். குப்பை உறிஞ்சலோடு வந்து வலையில் ஒட்டும், வண்டி நின்றதும் கீழே விழும். ஃபில்டருக்கு அடியில் இருக்கும் தண்ணீரையும் வடித்துவிடுங்கள்.

கேள்வி (தேனி): ஏறி இறங்கல, ஆனா ஒரே நடுக்கம், மிஸ்ஸிங். காலையில் வெள்ளைப் புகை. சூடானா குறையுது.

பதில்: இது வேறு நோய். ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. ஐடிலிங்கில் வைத்து, நாசில் பக்கத்து பைப் நட்டை ஒவ்வொன்றாக அரைச் சுற்று தளர்த்தி, எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு இறுக்குங்கள். நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் வேகம் விழும், நடுக்கம் கூடும். எதைத் தளர்த்தினால் மாற்றமே இல்லையோ அதுதான் செத்த சிலிண்டர். கண்ணாடி போட்டுக்கொண்டு, நட்டின் மேல் துணி மூடி, பீச்சும் இடத்துக்கு நேரே கை வைக்காமல் செய்யுங்கள். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் நாசில் ஏறத்தாழ 200 பார் அழுத்தத்துக்கு மேல்தான் திறக்கும், அந்த வேகத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

செத்த சிலிண்டரின் நாசிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றுங்கள், அடியில் புது செம்பு வாஷர் போட்டு. கோளாறும் கூடவே போனால் நாசில். அங்கேயே நின்றால் முதலில் டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவில் உள்ளது) பாருங்கள், செலவில்லாத வேலை. இடைவெளி இல்லாமல் இறுகியிருந்தால் வால்வு முழுசாக மூடாது. அதுவும் சரியென்றால் சிலிண்டருக்குள் காற்று அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட். இவ்வளவும் நன்றாக இருந்து அந்த ஒரு சிலிண்டர் மட்டும் எரியவில்லையென்றால், இப்போது பம்பைக் கழற்றலாம், காரணத்தோடு. குளிர்ந்த சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சின் என்றால் எல்லாவற்றுக்கும் முன்னால் அதைச் சோதியுங்கள். சூடானதும் சரியாவது அதன் குணமும்கூட.

கேள்வி (விருதுநகர்): டாடா ஏஸ், முதல்ல வந்த மாடல். ஐடிலிங்கில் கேபினே ஆடுது. இது சகஜமா?

பதில்: 2005ல் வந்த ஏஸில் இருப்பது 702 சிசி, இரண்டு சிலிண்டர் எஞ்சின். ஓரளவு ஆட்டம் அதன் பிறவிக்குணம். ஒரு சிலிண்டர் மிஸ் ஆனால் பாதி எஞ்சின் போன மாதிரி, ஐடிலிங்கில் நிற்கவே திணறும். ஆடுகிறது, ஆனால் சத்தம் ஒரே தாளத்தில் இருக்கிறது என்றால் எஞ்சின் மவுண்டிங் ரப்பர்களைப் பாருங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): அண்ணை, என்ர வாகனம் 2எல் எஞ்சின் ஹைலக்ஸ். பம்ப் சீல் மாத்தின பிறகு ஐடிலிங் ஒரே மாதிரி நிக்குதில்லை, இழுவையும் குறைஞ்சு போச்சு. முதல் இப்பிடி இல்லை.

பதில்: வேலைக்குப் பிறகு வந்த கோளாறு என்றால் வேலை நடந்த இடத்திலேயே தேடுங்கள். இந்தச் சுழல் வகை பம்பில் டீசல் உள்ளே வரும் போல்ட்டும் ரிட்டர்ன் போல்ட்டும் பார்க்க ஒரே மாதிரி. ரிட்டர்ன் போல்ட்டின் தலையில் அவுட் என்ற ஆங்கில எழுத்து பொறித்திருக்கும், உள்ளே மிகச் சின்னத் துளை. பம்புக்குள் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பது அந்தத் துளைதான். இரண்டும் இடம் மாறினால் உள்ளே வரும் டீசல் நெருக்கப்படும், பம்புக்குள் அழுத்தம் நிற்காது, டைமிங்கும் (டீசல் பீச்சும் நேரம்) பின்னால் போகும். கழற்றி எழுத்தைப் பாருங்கள். அது சரியென்றால் ஆக்ஸிலேட்டர் லிவர் தண்டின் ஓரிங்கும், பம்பை இறுக்கும்போது டைமிங் நகர்ந்ததா என்பதும் அடுத்தவை.

கேள்வி (கரூர்): கவர்னருக்கு வேக்கம் பைப் போற பழைய எஞ்சின் எங்களுது. ஐடிலிங் தானாவே ஏறிக்கிட்டே போகுது.

பதில்: ஓட்டுவதை நிறுத்துங்கள். இந்த வகையில் ஸ்பிரிங் டீசலைக் கூட்டும் பக்கம் தள்ளும், எஞ்சினின் காற்று உறிஞ்சலான வேக்கம்தான் அதைப் பின்னுக்கு இழுத்துக் கட்டுப்படுத்தும். பைப்போ உள்ளே இருக்கும் டயாஃப்ரமோ கிழிந்தால் தடுக்க ஆளில்லை, எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஓடி உடையும். எஞ்சின் நின்றிருக்கும்போது பைப்பைக் கழற்றி, ஸ்டாப் லிவரை இழுத்துப் பிடித்து, பம்பின் துளையை விரலால் அடைத்து லிவரை விடுங்கள். மெதுவாகத் திரும்பினால் டயாஃப்ரம் நல்லது. சடக்கென்று திரும்பினால் மாற்றுங்கள்.

கேள்வி (பொள்ளாச்சி): என்னுது பொலேரோ பிக்கப், காமன் ரெயில். நட்டைத் தளர்த்திப் பார்க்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அங்கே எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான குழாயில் ஐடிலிங்கிலேயே சில நூறு பார் அழுத்தம் நிற்கும், ரேஸ் கொடுத்தால் ஆயிரத்தைத் தாண்டும். உயிருக்கே ஆபத்து. இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் ஹோஸ்களைத் தனித்தனி பாட்டிலில் விட்டு 5 நிமிடம் ஐடிலிங்கில் ஓட்டுங்கள். ஒன்றில் மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்துவிட்டது. கறுப்புப் புகையும் இருந்தால் புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பிவிடும் இஜிஆர் வால்வு கரி படிந்து திறந்தே நிற்கிறதா என்று கழற்றிப் பாருங்கள்.

கேள்வி (சேலம்): இவ்வளவும் எதுக்கு? ஐடிலிங் ஸ்க்ரூவை நிமிஷத்துக்கு 1000 சுத்துக்கு ஏத்தி வச்சா நிக்குதே?

பதில்: நிற்கும், கோளாறும் உள்ளேயே இருக்கும். கிளட்சும் கியரும் அடி வாங்கும், டீசலும் வீணாகும். மேலே சொன்னவை சரியான பிறகு, எஞ்சின் நன்றாகச் சூடான நிலையில், லைட், ஏசி எல்லாம் அணைத்து, ஆக்ஸிலேட்டர் கேபிளில் கொஞ்சம் தளர்வு இருப்பதைப் பார்த்துவிட்டு ஸ்க்ரூவைத் தொடுங்கள். வண்டிப் புத்தகத்தில் உள்ள அளவுக்கு வையுங்கள். நாலு சிலிண்டர் டீசலுக்குப் பெரும்பாலும் 700 முதல் 850க்குள் இருக்கும். சீல் வைத்த இன்னொரு ஸ்க்ரூ தெரியும், அது அதிகபட்ச வேகத்துக்கானது. அதன்மேல் ஸ்பேனர் வைக்காதீர்கள்.