படக்கதைப் புத்தகமும் கிரேயானும் குழந்தையின் கற்பனையை உண்மையிலேயே வளர்க்கின்றனவா?

கேட்டிருப்பது இது: 5 வயது மகள் எந்நேரமும் படக்கதைப் புத்தகத்தைப் புரட்டுகிறாள், இல்லையென்றால் எதையாவது வரைந்துகொண்டிருக்கிறாள். இதனால் கற்பனையும் படைப்புத் திறனும் வளரும் என்கிறார்களே, உண்மையா? பெற்றோர் என்ன செய்ய வேண்டும்?

உண்மைதான். ஆனால் புத்தகத்தையும் கிரேயானையும் வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டால் பாதிதான் நடக்கும். பக்கத்தில் உட்காரும் பெரியவர் எப்போது பேசுகிறார், எப்போது பேசாமல் இருக்கிறார் என்பதில் மீதி இருக்கிறது. சின்னக் குழந்தைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுவதும் அவர்களோடு உட்கார்ந்து வரைவதும் என் வேலை. அதில் பார்த்ததையும் இது பற்றிப் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

நீங்கள் கதை வாசிக்கும்போது மகளின் கண் எங்கே போகிறது என்று கவனித்துப் பாருங்கள். எழுத்துப் பக்கம் பெரும்பாலும் போகாது. பெரியவர் வாசிக்க, குழந்தைகளின் கண்ணசைவைக் கருவி வைத்துப் பதிவு செய்த கனடா ஆய்வு ஒன்று 2005-இல் வெளியானது. குழந்தைகளின் பார்வை ஏறக்குறைய முழுக்கப் படத்தின் மேலேயே இருந்தது. இது தெரிந்ததும் சில பெற்றோர் பதறிப்போய் வரிக்கு அடியில் விரலை வைத்து, "இங்கே பாரு, இங்கே பாரு" என்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். காதில் கதை விழுகிறது, கண் படத்தைத் துழாவுகிறது, இரண்டையும் முடிச்சுப் போட்டு ஒரு உலகத்தை அவள் உள்ளே கட்டிக்கொண்டிருக்கிறாள். நீங்கள் எதிர்பார்க்கிற கற்பனை அந்த நேரத்தில்தான் வேலை செய்கிறது.

நல்ல படக்கதையில், எழுத்து சொல்வதையே படமும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்காது. "பூனை நிம்மதியாகத் தூங்கியது" என்று வரி முடிந்திருக்கும். படத்தில் கட்டிலுக்கு அடியில் ஒரு வால் நுனி தெரியும். பெரியவர்கள் வரியை வாசித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பப் போவோம். குழந்தை நம் கையைப் பிடித்து நிறுத்தும். அது யாருடைய வால்? எலியா, பாம்பா, இன்னொரு பூனையா? கதையில் சொல்லப்படாத ஒன்றைக் குழந்தையே கண்டுபிடித்து, அதற்கு முன்னும் பின்னும் தானே கதை கட்டுகிறது. புத்தகம் வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காமல் இப்படி ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். எழுத்தே இல்லாத படப் புத்தகங்கள் இதற்கு இன்னும் நல்லவை.

அந்த இடத்தில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். கேட்டுவிட்டுக் காத்திருங்கள். "இது என்ன கலர்?" மாதிரியான பரீட்சைக் கேள்வி வேண்டாம். "இங்கே என்ன நடக்குது?", "இவன் இப்போ என்ன செய்வான்?" என்று கேளுங்கள். அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரின் குழுவினர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளின் பெற்றோருக்கு இப்படிக் கேட்டு, குழந்தையின் பதிலை இன்னும் கொஞ்சம் விரித்துப் பேசும் முறையைச் சொல்லிக் கொடுத்தார்கள். இன்னொரு குழு வழக்கம்போலவே வாசித்தது. ஒரே மாதத்தில் முதல் குழுவின் குழந்தைகள் பேச்சில் பல மாத வளர்ச்சி அளவுக்கு முந்திவிட்டார்கள். இரண்டு வீட்டிலும் வாசிப்பு உண்டு. ஒன்றில் பேச்சு குழந்தையின் கைக்கு வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

(படம் பார்த்தால் படிப்பு வருமா என்று வீட்டில் பெரியவர்கள் கேட்டால், கொமேனியஸ் என்ற கல்வியாளர் 1658-லேயே குழந்தைகளுக்காகப் படங்கள் நிறைந்த பாடநூல் போட்டார் என்று சொல்லுங்கள்.)

இனி வரைதல். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சிறுவன் எறும்புப் புற்று வரைந்தான். மண்ணைக் குறுக்கே வெட்டியதுபோல உள்ளே அறைகள், படிக்கட்டு, தூங்குகிற ராணி எறும்பு. புற்று வாசலில் வரிசையாக ஆறு சின்ன வட்டங்கள். முட்டை என்று நினைத்தேன். சொல்லாமல், "இதைப் பத்திச் சொல்லேன்" என்று மட்டும் கேட்டேன். "மழையிலே ஷூ நனைஞ்சிடுச்சு. காயட்டும்னு வெளியே வச்சிருக்கு." ஏன் ஆறு என்று நான் கேட்கவே இல்லை. அவனே, "ஒரு எறும்புதான் வெளியே போச்சு" என்றான்.

ஒரு எறும்பு, ஆறு கால், ஆறு ஷூ! புற்றுக்குள் அறைகள் இருக்கும் என்பதை அவன் படப் புத்தகத்தில் பார்த்திருந்தான். எறும்புக்கு ஆறு கால் என்பதும் அங்கே கிடைத்ததுதான். நனைந்த ஷூவை வாசலில் வைப்பது வீட்டில் பார்த்தது. மூன்றையும் ஒரே தாளில் கொண்டுவந்து சேர்த்தது மட்டும் அவனுடையது. ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1930-இல் இதைத்தான் எழுதினார்: கற்பனை வெறுமையிலிருந்து பிறப்பதில்லை, அனுபவத்தில் கிடைத்த துண்டுகளைப் புதிதாகக் கோத்துக்கொள்கிறது, அதனால் அனுபவம் பெருகப் பெருகக் கற்பனைக்குச் சரக்கு கூடும். படப் புத்தகம் அந்தச் சரக்கைத் தருகிறது. அதைக் கோத்துப் பார்க்கிற இடம் வெள்ளைத் தாள். இரண்டையும் தனித்தனிப் பழக்கமாகப் பார்க்காமல், கதை முடிந்த கையோடு தாளை எடுத்து வையுங்கள். ஆனால் "கதையில் வந்ததை வரை" என்று சொல்லாதீர்கள், என்ன வரைவது என்பது அவள் முடிவு.

அந்தப் படத்தில் மண்ணுக்குள் இருப்பது வெளியே தெரிந்ததே, அது தப்பில்லை. சுவர் வழியாக வீட்டுக்குள் இருப்பவர்கள் தெரிவது, தலையிலிருந்து நேராகக் கை கால் முளைப்பது, அம்மா வீட்டைவிடப் பெரிதாக இருப்பது எல்லாமே வளர்ச்சியின் படிகள். கலைக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-இல் வந்த தன் நூலில் இந்தப் படிகளை வரிசைப்படுத்தியிருக்கிறார்: சுமார் 2 வயதிலிருந்து கிறுக்கல், 4 வயதையொட்டி அடையாளம் தெரிகிற உருவங்கள், 7 வயதையொட்டித் தரைக்கோடு, மேலே வானம் என்று ஒரு ஒழுங்கு. கண்ணுக்குத் தெரிவதைவிடத் தனக்குத் தெரிந்ததையும், தனக்கு முக்கியமானதையும் குழந்தை வரைகிறது. கழுத்து எங்கே என்று கேட்டுத் திருத்தினால் கழுத்து வரும், எறும்பின் ஷூ வராது.

பாராட்டு விஷயத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்பால்தான் இங்கே அதிகம் கெடுக்கிறோம். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில், ஏற்கெனவே வரைவதில் ஆசையுள்ள 3 முதல் 5 வயதுக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். சிலரிடம் மட்டும், "வரைந்தால் நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து, வகுப்பில் சும்மா விளையாடும் நேரத்தில் அதே ஸ்கெட்ச் பேனாக்களை வைத்தபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதி அளவுதான் வரைந்தார்கள். பரிசுக்காக வரைந்த படங்களின் தரமும் குறைவாகவே இருந்தது. எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆக, கெடுத்தது பரிசைக் காட்டி ஆசைகாட்டியதுதான்.

அதனால் "நல்லா வரைஞ்சா சாக்லேட்" வேண்டாம், மார்க்கும் வேண்டாம். எதைப் பார்த்தாலும் "சூப்பர், சூப்பர்" என்பதையும் குறைத்துக்கொள்ளலாம். நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்: "இந்த மூலை பூரா ஊதாவா இருக்கே, அங்கே என்ன?" அவள் படத்தை நிஜமாகவே பார்த்திருக்கிறீர்கள் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும்.

கலரிங் புத்தகம் கொடுக்கலாமா என்றும் கேட்பீர்கள். கொடுக்கலாம், கைக்குப் பயிற்சி, குழந்தைக்கும் பிடிக்கும். ஆனால் அங்கே என்ன இருக்க வேண்டும் என்பதை வேறு யாரோ முடிவு செய்துவிட்டார்கள். வெற்றுத் தாளின் இடத்தை அதற்குக் கொடுத்துவிடாதீர்கள். பென்சிலையும் ரப்பரையும்விடத் தடித்த கிரேயானும் பெரிய தாளும் நல்லது. ரப்பர் கையில் இருந்தால் சில குழந்தைகள் அழித்துக்கொண்டேதான் இருப்பார்கள்.

ஒன்பது, பத்து வயதில் ஒரு சிக்கல் வரும், இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். படம் அசலைப் போல இல்லை என்பது அந்த வயதில் உறைக்கத் தொடங்கும். "எனக்கு வராது" என்று பல குழந்தைகள் நிறுத்திவிடுகிறார்கள். அப்போது "நல்லாத்தானே இருக்கு" என்று சமாதானம் சொன்னால் நம்பமாட்டார்கள். தூரத்தில் இருப்பது எப்படிச் சிறிதாகத் தெரிகிறது, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று முறையாகக் கற்றுக்கொடுக்க ஏற்ற வயது அதுதான். காமிக்ஸ் கட்டம் போட்டுக் கதை சொல்லவும் விடலாம், அங்கே குச்சி மனிதனே போதும். உங்கள் மகளுக்கு அதற்கு இன்னும் நான்கைந்து வருடம் இருக்கிறது. இப்போதைக்குத் தாள் தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள். படத்துக்கு அவள் சொல்லும் கதையை, அவள் சொன்ன சொல்லிலேயே, தாளின் பின்பக்கம் தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். அவள் சொன்னது எழுத்தாக மாறுவதைப் பார்த்தே எழுத்தின் மேல் ஆசை வந்த குழந்தைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.