வெறுங்கூடையில் அடை கிடக்கும் கோழி: முட்டை வைக்கலாமா, கலைத்துவிடலாமா?

கேள்வி: நாட்டுக்கோழி ஒன்று ஒரு வாரமாக வெறுங்கூடையில் அடை கிடக்கிறது. போன முறை 15 முட்டை வைத்ததில் 5 தான் பொரித்தது, மீதி கூமுட்டை. மறுபடி வைக்கலாமா?

பதில்: தாராளமாக வையுங்கள், ஆனால் 15 வேண்டாம். நாட்டுக்கோழியின் வயிற்றுச் சூடு பத்துப் பன்னிரண்டு முட்டைக்குத்தான் சரியாக எட்டும். அதிகமானால் ஓரத்து முட்டை குளிர்ந்துவிடும், கோழி உருட்டிவிடும்போது அது உள்ளே போய் உள்ளே இருந்தது ஓரத்துக்கு வரும், இப்படியே ஒவ்வொன்றாகக் கெடும்.

கூமுட்டை என்கிறீர்களே, உடைத்துப் பார்த்தீர்களா? உள்ளே கருவே வளரவில்லை என்றால் சேவல் சேராத முட்டையாக இருக்கலாம், பத்துப் பெட்டைக்கு ஒரு சேவலாவது வேண்டும். பாதி வளர்ந்த குஞ்சு செத்துக் கிடந்தால் சேவல் மேல் பழி போடாதீர்கள். எனக்கென்னவோ மற்ற பெட்டைகளும் அதே கூடையில் வந்து முட்டையிட்டிருக்கும் என்றுதான் தோன்றுகிறது. 21ஆம் நாள் முதல் குஞ்சுகள் வெளியே வந்ததும் தாய் அவற்றைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடும், நாலைந்து நாள் பிந்திய முட்டையெல்லாம் அம்போதான். அதனால் ஒரு வாரத்துக்கு மேல் பழசாகாத முட்டைகளாகப் பார்த்து, பென்சிலால் கோடு போட்டு, எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் வையுங்கள். கோடில்லாத முட்டை தெரிந்தால் அன்றைக்கே எடுத்துக் குழம்பில் போடுங்கள்.

7ஆம் நாள் இருட்டில் செல்போன் டார்ச்சின் மேல் முட்டையை வைத்துப் பாருங்கள், சிலந்திக்கால் மாதிரி சிவப்பு நரம்பு ஓடினால் கரு பிடித்திருக்கிறது. ஒன்றுமே ஓடாமல் வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தால் எடுத்துவிடுங்கள்.

தீனியும் தண்ணீரும் பக்கத்திலேயே இருக்கட்டும். கோழி நாளைக்கு ஒரு தடவை எழுந்து, கால் மணி நேரம் மேய்ந்து, பெரிய உருண்டையாக நாற்றமெடுக்க எச்சம் போட்டுவிட்டு வரும். அது நோய் இல்லை, பயப்படாதீர்கள்.

குஞ்சே வேண்டாம், முட்டைதான் வேண்டும் என்றால், மூக்கில் இறகு செருகுவது, தண்ணீரில் முக்குவது எல்லாம் வீண் சித்திரவதை. அடியில் கம்பிவலை போட்ட கூண்டைத் தரையிலிருந்து தூக்கி வைத்து, மூன்று நாலு நாள் அதில் விடுங்கள். வயிற்றடியில் காற்றுப் பட்டாலே அடை தானாகக் கலையும். ஆனால் அங்கேயும் தீனி, தண்ணீர் குறையக் கூடாது.

அப்புறம், குஞ்சு பொரித்த 7ஆம் நாள் வெள்ளைக்கழிச்சல் நோய் வராமலிருக்க லசோட்டா என்கிற தடுப்புச் சொட்டு மருந்தைக் குஞ்சுகளின் கண்ணில் விட்டுவிடுங்கள்.